வினைல் பொம்மையில் சிகரெட் வாடை போக வழி சொல்லுங்களேன்

வணக்கம். போன மாதம் புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய ஜப்பான் காட்ஜில்லா பொம்மை ஒன்று கிடைத்தது. மெத்தென்ற வினைல், உள்ளே காலி. சின்ன வயதிலிருந்து நான் தேடியது! ஆனால் முன்பு வைத்திருந்தவர் வீட்டுச் சிகரெட் வாடை அப்படியே ஏறியிருக்கிறது. முதுகுச் செதில் இடுக்கில் பஞ்சை விட்டுத் துடைத்தால் பழுப்பாக வருகிறது.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை கழுவி, ஆப்பசோடா போட்ட டப்பாவில் நான்கு நாள் மூடி வைத்தேன். வெளியே குறைந்தது. வாலைக் கழற்றி முகர்ந்தால் உள்ளே குறையவே இல்லை. தின்னர் பெயிண்ட்டை அரித்துவிடும், வெயில் நிறத்தை மாற்றிவிடும், இரண்டையும் தொடவில்லை.

உட்புறத்தை யாராவது சுத்தம் செய்திருக்கிறீர்களா? அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து உள்ளே போடலாமா, எத்தனை நாள்? கால் மூட்டு கழலவில்லை. சுடுதண்ணீரில் இளக்கினால் பெயிண்ட் தாங்குமா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.