ஹெய்ட்டிக்காரர்களோடு வேலை செய்தவர்கள், பக்கத்தில் குடியிருந்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

மொன்றியலிலிருந்து:

மொன்றியல் வடக்கில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தேன். முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஹெய்ட்டிப் பெண்கள். அதிகாலை பஸ்ஸிலேயே அவர்கள் தாய்மொழியான கிரியோலில் கதை தொடங்கிவிடும். மேலாளரைக் கண்டால் பிரெஞ்சுக்கு மாறுவார்கள்.

ஒரு சம்பள நாளில் அவர்களில் ஒரு அக்கா கொப்பியைத் திறந்து காசு வாங்கி எழுதுவதைப் பார்த்தேன். யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை, அது சீட்டு! அவர்கள் சோல் என்கிறார்கள். ஏலம் இல்லை, கழிவு இல்லை, முறைப்படி ஆளுக்கொரு தடவை முழுத்தொகை. யாருக்காவது அவசரம் என்றால் சீட்டை நடத்தும் அந்தத் தாச்சி அக்கா முறையை மாற்றிக் கொடுப்பார். நானும் சேர்ந்தேன். எங்கள் ஆட்களின் ஏலச்சீட்டைவிட இது நிம்மதி என்றுதான் சொல்வேன், சண்டைக்கு வராதீர்கள்.

அந்த அக்கா 2017இல் ரொக்ஸம் வீதி வழியாக அமெரிக்க-கனடா எல்லையை நடந்தே கடந்தவர். 2010 ஜனவரி பூகம்பத்துக்குப் பிறகு ஹெய்ட்டியருக்குக் கொடுத்த தற்காலிகப் பாதுகாப்பை அமெரிக்கா நிறுத்தப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும், புளோரிடாவில் வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புறப்பட்டார். வந்தவர்களுக்கு இடம் போதாமல் அந்த ஆகஸ்டில் ஒலிம்பிக் அரங்கத்துக்குள்ளேயே கட்டில் போட்டார்கள். அவரும் அங்கேதான் படுத்தார்.

கொரோனா வந்தபோது இவர்களைக் ‘காவல் தேவதைகள்’ என்று தொலைக்காட்சியில் புகழ்ந்தார்கள். 2020 டிசம்பரில், பராமரிப்பு வேலை செய்த அகதிக் கோரிக்கையாளர்களுக்கு நிரந்தர வதிவுரிமை கொடுக்கும் திட்டமும் தொடங்கியது. ஆனால் நோயாளியை நேரடியாகப் பராமரித்திருக்க வேண்டும். அக்காவுக்குக் கிடைத்தது. அதே கட்டடத்தில் உடுப்புத் தோய்த்த தங்கைக்கு அதில் இடமில்லை. தோய்த்ததும் அதே நோயாளிகளின் உடுப்புத்தான்.

புரூக்ளினிலிருந்து:

பிளாட்புஷில் ஒரு ஹெய்ட்டிக் குடும்பத்தின் வீட்டில் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தேன். ஜனவரி 1 காலையில் கதவு தட்டும் சத்தம், திறந்தால் ஒரு கிண்ணம் சூப். பரங்கிக்காயை வேகவைத்து மசித்து, மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், கேரட், மக்ரோனி எல்லாம் போட்டது. பெயர் சூப் ஜூமூ. நான் சைவம் என்று நெளிந்ததும் வீட்டுக்கார அம்மா பாடமே எடுத்துவிட்டார். பிரெஞ்சு எஜமானர்களுக்காக அடிமைகள் சமைத்தார்கள், ஆனால் அவர்கள் குடிக்கக் கூடாது. 1804 ஜனவரி 1இல் சுதந்திரம் அறிவித்ததிலிருந்து எல்லாரும் குடிக்கிறார்கள், நீயும் குடிக்கணும். அடுத்த வருடம் எனக்கென்று இறைச்சி போடாமல் தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் வைத்திருந்தார். 2021இல் யுனெஸ்கோ அந்த சூப்பைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த செய்தியைக் காட்டினேன். “இப்பதான் தெரிஞ்சுதா அவங்களுக்கு?” என்ற தோரணையில் ஒரு பார்வை.

அவர்கள் கூடத்தில் எப்போதும் ஒரு நீல டிரம் நிற்கும். அரிசி, எண்ணெய், சோப்பு, நோட்டு, செருப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, நிரம்பியதும் கப்பலில் ஊருக்கு அனுப்புவார்கள். 2024இல் ஆயுதக் கும்பல்களால் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் துறைமுகமும் விமான நிலையமும் முடங்கியபோது டிரம் நிரம்பியும் போக வழியில்லை. அதன்மேல் துணி விரித்துத் தொலைபேசி வைக்கும் மேசையாக்கிக்கொண்டார்கள்.

ஒஹாயோவிலிருந்து:

நான் இருப்பது டேட்டன். ஸ்பிரிங்ஃபீல்டு இங்கிருந்து அரை மணி நேரம். சுமார் 60,000 பேர் இருந்த ஊரில், கிடங்கு, தொழிற்சாலை வேலைகளை நம்பிச் சில வருடங்களுக்குள் 12,000 முதல் 15,000 ஹெய்ட்டியர் வந்துவிட்டார்கள் என்று மதிப்பீடு. மருத்துவமனையில் காத்திருப்பு, வாடகை ஏற்றம் எல்லாம் உண்மை, ஊர்க்காரர்கள் குறைப்படுவதில் தப்பில்லை. ஆனால் 2024 செப்டம்பரில் ‘நாய், பூனையைத் தின்கிறார்கள்’ என்ற வதந்தியை டிரம்ப் அதிபர் தேர்தல் விவாத மேடையிலேயே சொன்னார். அப்புறம் வெடிகுண்டு மிரட்டல்கள், பள்ளிகளைக் காலி செய்ய வேண்டிய நிலை.

அந்தச் சமயத்தில் அங்கே ஒரு ஹெய்ட்டி உணவகத்துக்குப் போனோம். உட்கார இடமில்லை, ஆதரவு காட்டவென்றே வந்த உள்ளூர் வெள்ளைக்காரர்கள்தான் அதிகம். பிக்லீஸ் என்று ஒன்று வைத்தார்கள், முட்டைக்கோஸும் கேரட்டும் காரமான மிளகாயோடு வினிகரில் ஊறியது. பக்கத்து மேசைக்காரருக்குக் கண்ணில் தண்ணீர். நாங்கள் இரண்டாவது கிண்ணம் கேட்டதும் பரிமாறிய பெண்ணுக்குச் சிரிப்பு, நீங்கள் எந்த ஊர் என்று விசாரித்தார்.

மொன்றியலிலிருந்து எழுதியவரிடம் ஒரு கேள்வி. அந்தச் சீட்டில் யாரும் ஏமாற்றியதே இல்லையா?

மொன்றியலிலிருந்து:

நான் இருந்தவரை இல்லை. ஒருவர் பணம் எடுத்த கையோடு ஒட்டாவாவுக்குக் குடிபோய்விட்டார். சரி, போச்சு என்று நினைத்தேன். மாதாமாதம் ஒழுங்காக அனுப்பினார். தாச்சி அக்காவுக்கு ஊரில் அவருடைய அம்மாவைத் தெரியுமாம்.