பிரேக் ஒயில் மூடி ஸ்க்ரூ தலை தேய்ந்துவிட்டது, என்ன செய்யலாம்?

பைக் யமஹா எஃப்இசட், 2016. போன ஞாயிறு வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட் வாகனத் தரிப்பிடத்தில் வைத்து முன் பிரேக் ஒயில் மாற்றப்போய் மாட்டிக்கொண்டேன். ஹேண்டிலில் இருக்கும் ஒயில் டப்பா மூடிக்கு இரண்டு ஸ்டார் ஸ்க்ரூ. ஒன்று சுகமாகக் கழன்றது, மற்றதின் தலை இப்போது வெறும் வட்டக் குழி. பொருந்தாத ஸ்க்ரூ ட்ரைவரைப் போட்டு அவசரப்பட்டது நான்தான்.

டபிள்யூடி-40 அடித்து ஒரு இரவு விட்டேன், ரப்பர் பேண்டை இடையில் வைத்துத் திருகினேன், சுத்தியலால் மெதுவாகத் தட்டியும் பார்த்தாயிற்று, அசையவில்லை. தலை மூடிக்குள்ளே பதிந்திருப்பதால் வைஸ் கிரிப்புக்கும் (இறுக்கிப் பூட்டிக்கொள்ளும் குறடு) பிடி இல்லை. பலமாக அடிக்கப் பயம், டப்பா அலுமினியம், வெடித்தால் கதை முடிந்தது. (கசிந்த ஒயில் டேங்க்கில் பட்டு ஒரு ரூபாய்க் குற்றியளவு பெயின்ட்டும் போய்விட்டது, அது வேறு கவலை.) பக்கத்து கராஜ் பாஸ், மாஸ்டர் சிலிண்டரையே (பிரேக் பிடித்தால் ஒயிலைத் தள்ளும் பாகம், டப்பாவும் அதோடுதான்) முழுதாக மாற்றச் சொல்கிறார். ஒரு 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்காகவா?

தலையை மட்டும் ட்ரில் பண்ணி எடுத்து, மூடியைக் கழற்றி, மிச்சத் தண்டை வைஸ் கிரிப்பால் திருப்பலாம் என்று யோசிக்கிறேன். இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எந்த அளவு பிட் போட்டீர்கள்?