சாண்ட்பாக்ஸை மீறும் ஓட்டைக்கு ஒரு சொல்: 'கிடைமீறல்'

வணக்கம்.

நம்ப முடியாத நிரல் கணினியின் மற்ற பகுதிகளைத் தொடாதபடி அடைத்து வைத்து ஓட்டும் இடம்தான் சாண்ட்பாக்ஸ் (sandbox). அதற்குத் தமிழில் 'மணல்பெட்டி' வேண்டாம் என்பது என் கருத்து. அதைக் கேட்டால் மணலில் விளையாடும் குழந்தைதான் நினைவுக்கு வருகிறது. அடைத்து வைத்து ஓட்டுகிறோம் என்பது வருவதில்லை. ஆடுமாடுகளை அடைக்கும் 'பட்டி' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் கருவிப்பட்டி, பணிப்பட்டி என்று அந்தச் சொல் ஏற்கெனவே கணினியில் வேறு வேலை பார்க்கிறது. அதனால் 'கிடை'. வயலில் இரவுக்கு மட்டும் வலையோ படலோ கட்டி ஆடுகளை அடைப்பார்கள், காலையில் பிரித்துவிடுவார்கள். நிரல் ஓடும் நேரத்துக்கு மட்டும் எழுப்பும் அடைப்புக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

சரி, அதை மீறும் ஓட்டைக்கு என்ன பெயர்? 'வேலி தாண்டல்' என்ற சொல்லுக்குப் பேச்சில் வேறு பொருள் ஒட்டியிருக்கிறது. அதைவிட முக்கியம், பல நேரம் தாண்டலே நடப்பதில்லை. 2012 ஆகஸ்டில் ஜாவா 7-இல் வெளிவந்த ஓட்டையைப் பாருங்கள். அப்போது வலைப்பக்கத்தில் ஆப்லெட் என்ற சிறு ஜாவா நிரல்கள் வரும்; அவற்றுக்கு நம் கோப்புகளைத் தொட அனுமதி இருக்கவில்லை. ஜாவாவின் செக்யூரிட்டி மேனேஜர் என்ற பகுதி காவல் நின்றது. தாக்க வந்த ஆப்லெட் ஜாவாவின் சொந்த வகுப்பான (class) சன்டூல்கிட்டைப் பிடித்தது. அதிலிருந்த கெட்ஃபீல்ட் (getField) என்ற செயற்கூறு வழியாக, வெளியார் தொடக்கூடாத ஒரு புலத்தை (field) திறந்து, தன் கட்டளைக்கு முழு உரிமை உண்டு என்று எழுதிக்கொண்டது. அப்புறம் ஒரே அழைப்பு: செக்யூரிட்டி மேனேஜர் இருந்த இடத்தில் 'நல்' (null), அதாவது வெறுமை. காவல் போயிற்று, இனி எந்த நிரலையும் ஓட்டலாம். ஜாவாவை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனம் வழக்கமான வெளியீட்டு நாளுக்குக் காத்திராமல் ஆகஸ்ட் 30 அன்றே திருத்தம் கொடுத்தது.

இங்கே ஆடு தாண்டவில்லை, கிடைக்காரர் கையாலேயே படலைத் திறக்க வைத்திருக்கிறது. 'படல் திறப்பு' என்றே வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் 2015-இல் வந்த வெனம் (VENOM) என்ற ஓட்டை வேறு மாதிரி. கியூஎமு (QEMU) என்ற மென்பொருள் உருவாக்கும் மெய்நிகர் கணினியின் ஃப்ளாப்பி கட்டுப்படுத்தியில், தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடையகம் நிரம்பி வழிந்ததுதான் அதன் வழி. அது படலையே உடைப்பது. இரண்டுக்கும் பொதுவாக நிற்பது 'மீறல்'. விதிமீறல், வரம்புமீறல் போல இதுவும் வாயில் எளிதாக வரும்.

ஆகவே 'கிடைமீறல்'. குறைபாட்டைச் சொல்லும்போது 'கிடைமீறல் ஓட்டை'. 'ஓட்டை' கொச்சை என்று ஒதுக்க வேண்டாம், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். பயன்பாடு: "இந்த உலாவியில் கிடைமீறல் ஓட்டை இருக்கிறது, உடனே புதுப்பியுங்கள்."

ஒரு தயக்கம் உண்டு. பட்டி என்றே பேசிப் பழகிய ஊர்க்காரர்களுக்குக் 'கிடை' உடனே புரிகிறதா? அவர்கள் சொன்னால் நல்லது.