ஓடும்போதே பேட்டரி லைட் வந்து கார் நின்றது; புது பேட்டரியும் இறங்கிவிட்டது. எங்கே பார்ப்பது?

காவிரிக்கரை:
வணக்கம். 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 1.2 லிட்டர். உளுந்தூர்பேட்டை தாண்டித் திருச்சிப் பக்கம் போகும்போது நின்றுவிட்டது. முதலில் பேட்டரி லைட் மங்கலாக, விட்டு விட்டு எரிந்தது. பிறகு ஏ.சி. காற்று குறைந்தது. ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காப்பது), இ.பி.எஸ். (மின்சார பவர் ஸ்டீயரிங்) லைட்டுகள் சேர்ந்து வந்தன, ஸ்டீயரிங் கனத்தது, கடைசியில் இன்ஜின் திணறி நின்றது. சாவி போட்டால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான்.

பக்கத்து ஊரில் 35 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) புது பேட்டரி போட்டார்கள். உடனே ஸ்டார்ட் ஆனது. மறுநாள் அதுவும் இறங்கிவிட்டது. ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையே மாற்றணும் என்கிறார் ஒரு மெக்கானிக். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 'டைரக்ட்' ஒயர் இழுத்தால் சரியாகிவிடும் என்கிறார் இன்னொருவர். மல்டிமீட்டர் கையில் இருக்கிறது. எதை முதலில் அளக்க வேண்டும்?

ஆம்பியர்:
நீங்க சொன்ன வரிசையே பாதி பதில் சொல்லிடுச்சு. ஓடிக்கிட்டு இருக்கும்போது லைட் வந்து, ஒவ்வொண்ணா செத்துக்கிட்டே வந்தா அது சார்ஜ் ஏறாத கேஸ். பேட்டரி மட்டும் கெட்டுப் போயிருந்தா காலையில செல்ஃப் எடுக்காது, ஆனா ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிட்டா பொதுவா ஓடிடும். ஏ.பி.எஸ்.ஸும் இ.பி.எஸ்.ஸும் தனித்தனியா கெடல. வோல்டேஜ் குறைஞ்சதும் அந்த யூனிட்டுங்க தானா ஒதுங்கிக்கும். அந்த ரெண்டுக்கும் யாராவது தனியா செலவு சொன்னா ஒத்துக்காதீங்க.

பேட்டரியை வெளியே சார்ஜ் போட்டுட்டு வந்து மாட்டுங்க. மீட்டரை டி.சி. 20 வோல்ட்ல வைங்க.

இன்ஜின் ஆஃப், வண்டி ஒரு மணி நேரமாவது சும்மா நின்னிருக்கணும்: 12.6 வந்தா பேட்டரி ஃபுல். 12.2 பாதி. 12-க்குக் கீழே போனா காலின்னே வச்சுக்கலாம்.

செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே விழக்கூடாது. விழுந்தா பேட்டரி, இல்லேன்னா டெர்மினல்.

ஸ்டார்ட் பண்ணி 2000 ஆர்.பி.எம்.ல பிடிங்க: 13.8-லிருந்து 14.5 வரைக்கும் வரணும். 12.6-லேயே நின்னு கொஞ்சம் கொஞ்சமா இறங்கினா சார்ஜ் வரல.

நிறைய பேர் விடுற இடம் அடுத்தது. அதே இன்ஜின் ஓட்டத்துல மீட்டரோட சிவப்பு முனையை ஆல்டர்னேட்டர் பின்னாடி கரன்ட் வெளியே வர்ற பி பிளஸ் (B+) போல்ட்லேயே வைங்க, ரப்பர் மூடியை விலக்கிட்டு. கறுப்பு பேட்டரி மைனஸ்ல இருக்கட்டும். பேட்டரியில 12, பி பிளஸ்ல 14-க்கு மேலன்னா ஆல்டர்னேட்டர் வேலை செய்யுது, நடுவுல கேபிளோ மெயின் ஃபியூஸோ போயிருக்கு. ரெண்டு இடத்துலயும் ஒரே 12 வந்தா ஆல்டர்னேட்டரே தரல, இல்லேன்னா அதுக்கு இக்னிஷன்லேருந்து வர்ற சின்ன ஒயர் வரல.

பெல்ட் பக்கம் சட்டை நுனி, துப்பட்டா, கை எதுவும் போகக்கூடாது. இன்னொண்ணு, ஓடிக்கிட்டு இருக்கும்போது பேட்டரி டெர்மினலைக் கழட்டி "வண்டி நிக்குதா பாரு"ன்னு டெஸ்ட் பண்ண யாரையும் விடாதீங்க. பேட்டரி இல்லாம போன அந்த நொடியில வோல்டேஜ் 40-ஐயும் தாண்டலாம். இன்ஜின் கம்ப்யூட்டரான ஈ.சி.எம். போச்சுன்னா ஆல்டர்னேட்டர் விலையெல்லாம் சின்னதாத் தெரியும்.

மூணாவது கியர்:
அளவு வரும்வரை ரோட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி லைட் வந்ததும் முதலில் டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். பல இன்ஜின்களில் வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. முள் ஏறினாலோ, பெல்ட் அறுந்த சத்தம் கேட்டாலோ உடனே ஓரம் கட்டுங்கள். அதற்குமேல் ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும்.

டெம்பரேச்சர் சரியாக இருந்தால் இன்ஜினை அணைக்காதீர்கள். மறுபடி ஸ்டார்ட் செய்ய செல்ஃப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும், அது பேட்டரியில் மிஞ்சியிருக்காது. ஏ.சி., புளோயர், பின்கண்ணாடி டீஃபாகர், ஆடியோ, போன் சார்ஜர் எல்லாம் ஆஃப். பவர் விண்டோவைத் தொட வேண்டாம். ஸ்டீயரிங்கை நின்ற இடத்தில் முழுக்கத் திருப்பாதீர்கள், இ.பி.எஸ். மோட்டார் அப்போதுதான் அதிகம் இழுக்கும்.

பெட்ரோல் பம்ப், இக்னிஷன், இன்ஜெக்டர், ஈ.சி.எம். சேர்ந்து சுமார் 10 ஆம்பியர். ரேடியேட்டர் ஃபேன் ஓடும் நேரத்தில் இன்னும் 10, 15 கூடும். 35 ஏ.எச். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் பகலில் ஒரு மணி நேரத்துக்குமேல் தாங்கலாம். இரவில் கணக்கே வேறு. 55 வாட் ஹெட்லைட் இரண்டுக்கு மட்டும் 9 ஆம்பியர் போகும், புளோயரும் ஓடினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். லைட் மங்க ஆரம்பித்தால் கிடைக்கிற முதல் பங்க்கில் நிறுத்திவிடுங்கள், ஹெட்லைட்டை அணைத்து ஓட்டி மிச்சம் பிடிக்க நினைக்கக்கூடாது.

ஓடும்போது இன்ஜின் நின்றால் பிரேக் முழுக்கப் போகாது. பூஸ்டரில் மிஞ்சிய வேக்குவத்தில் இரண்டு, மூன்று மிதி கிடைக்கும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, வெள்ளைக்கோட்டுக்கு வெளியே இடது ஓரம் ஒதுங்குங்கள். ஹஸார்ட் போட்டு, முக்கோணப் பலகையை நூறு மீட்டர் பின்னால் வையுங்கள். ஆட்கள் வண்டிக்குள் உட்காராமல் தடுப்புக்கு அப்பால் நிற்கட்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் உதவி எண் 1033.

காவிரிக்கரை:
நன்றி. அளந்துவிட்டேன். இன்ஜின் ஆஃபில் 12.6. செல்ஃப் அடிக்கும்போது 10.8. 2000 ஆர்.பி.எம்.மில் பேட்டரியில் 12.1, பி பிளஸ் போல்ட்டிலும் 12.1. பெல்ட் இருக்கிறது, இறுக்கமாகவும் இருக்கிறது. சாவி ஆன் செய்தால் பேட்டரி லைட் எரிகிறது.

ஆம்பியர்:
அப்போ மெயின் கேபிள், மெயின் ஃபியூஸ் ரெண்டும் நல்லா இருக்கு. டைரக்ட் ஒயர் இழுத்தா ஒரு பிரயோஜனமும் இல்ல, உற்பத்தியே ஆகாத கரன்ட் எந்த ஒயர்ல வரும்?

இன்னும் ரெண்டு சோதனை.

சாவி ஆன், இன்ஜின் ஆஃப். ஒரு ஸ்குரூ டிரைவர் முனையை ஆல்டர்னேட்டர் பின்பக்க பேரிங் கிட்டயோ புல்லி நட் மேலயோ கொண்டு போங்க. உள்ளே சுத்துற ரோட்டர்ல இருக்கிற ஃபீல்டு காயிலுக்குக் கரன்ட் போனா காந்தம் மாதிரி இழுக்கும். இழுக்கலேன்னா பிளக்கைக் கழட்டி, இக்னிஷன்லேருந்து வர்ற ஐ.ஜி. ஒயர்ல 12 வோல்ட் வருதான்னு பாருங்க. வந்தும் இழுப்பு இல்லேன்னா கோளாறு உள்ளேதான்: ரோட்டருக்குக் கரன்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ், வோல்டேஜைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர், ரோட்டர் மூணுல ஒண்ணு. ஈ.சி.எம். கட்டுப்படுத்துற புது வண்டிகள்ல சாவி ஆன்லயே இழுப்பு வரணும்னு இல்ல, இந்த சோதனை பழைய வகைக்குத்தான்.

அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, மீட்டர் பேட்டரியில இருக்கட்டும், ஆல்டர்னேட்டர் பின்பக்கம் மரப்பிடியால லேசா தட்டுங்க. வோல்டேஜ் ஒரு நொடி 14-க்கு ஏறி மறுபடி விழுந்தா பிரஷ் தேஞ்சிருக்கு. உங்க லைட் விட்டு விட்டு எரிஞ்சதும் அதைத்தான் காட்டுது.

செம்பு ஒயர்:
டைரக்ட் ஒயர் பற்றி ஒரு எச்சரிக்கை. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது கேபிளில்தான் கோளாறு என்று வந்தால், ஃபியூஸ் இல்லாமல் இழுக்கவே வேண்டாம். பி பிளஸ் போல்ட் எப்போதும் பேட்டரியோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது, சாவி ஆஃபிலும். அந்த ஒயர் பாடியில் உரசினால், இல்லை ஆல்டர்னேட்டருக்குள் மாறுமின்னை டி.சி. ஆக்கும் டயோடு ஷார்ட் ஆனால், பேட்டரியின் மொத்தக் கரன்ட்டும் அதன் வழியே பாயும். பானெட்டுக்குள் தீப்பிடிக்க அது போதும். வண்டியில் வந்த அளவிலேயே ஃபியூஸ் போட வேண்டும், பல சிறிய கார்களில் 80 ஆம்பியர். ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றுவதும் அதே ஆபத்துதான்.

ஒயர் தடிமனும் முக்கியம். 70 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 16 சதுர மி.மீ. போட்டால் ஒன்றரை மீட்டரில் சுமார் 0.12 வோல்ட்தான் இழப்பு. 6 சதுர மி.மீ. என்றால் 0.3-ஐத் தாண்டும், சூடாகும், பேட்டரி முழுதாக ஏறாது. ஒயர் முனையில் மாட்டும் லக்கை கிரிம்ப் கருவியால் அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக் சில மாதத்தில் பச்சை பூத்துவிடும்.

காவிரிக்கரை:
ஸ்குரூ டிரைவர் இழுக்கவே இல்லை. ஐ.ஜி. ஒயரில் 12.4 வருகிறது. தட்டியதும் 14.1 வரை ஏறி விழுந்தது. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கழற்றிக் கொடுத்தேன். இரண்டு பிரஷ்ஷில் ஒன்று ஹோல்டருக்குள்ளேயே போய்விட்டது, வெளியே துருத்தவே இல்லை. உள்ளே கறுப்புப் பிசுக்கு. பிரஷ் மட்டும் மாற்றினால் போதுமா?

ஆம்பியர்:
பிரஷ் மட்டும் மாத்தி மூடினா சில மாசத்துல மறுபடி வரலாம். அந்தப் பிசுக்கு என்னன்னு பாருங்க. வெறும் கார்பன் தூள் காய்ஞ்சு உதிரும். விரல்ல வழவழன்னு ஒட்டினா மேலேருந்து இன்ஜின் ஆயில் சொட்டுது. இன்ஜின் மேல்மூடியான டேப்பட் கவரோட பேக்கிங்கைத் தடவிப் பாருங்க, ஈரமா இருந்தா முதல்ல அதை மாத்துங்க. ஆயில் பட்ட பிரஷ் சீக்கிரம் தேயும், ஹோல்டர்ல சிக்கியும் நிக்கும்.

ஆல்டர்னேட்டர் பிரிஞ்சு கிடக்கும்போதே இதையெல்லாம் கேட்டு வாங்குங்க. புது பிரஷ் ஹோல்டருக்கு வெளியே சுமார் 10 மி.மீ. நிக்கணும், டென்சோ வகையில 1.5 மி.மீ.க்குக் கீழே போனா மாத்தணும். பிரஷ் உரசுற ஸ்லிப் ரிங் ரெண்டுலயும் நகத்தை வச்சு இழுங்க. நகம் பள்ளத்துல விழுந்தா மெல்லிசு எமரி தாள் போதாது, லேத்ல ஒரு கட் எடுக்கணும். ரிங் ரெண்டுக்கும் நடுவுல ஓம் பாருங்க, பொதுவா 2-லிருந்து 4 வரும். ரொம்பக் குறைஞ்சா காயில் ஷார்ட், அதை அப்படியே விட்டா புது ரெகுலேட்டரையும் எரிச்சிடும். ரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவுல எதுவும் காட்டக்கூடாது. பேரிங்கைக் கையில சுத்துங்க, கரகரன்னா ரெண்டையும் மாத்திடுங்க. திரும்பக் கழட்டுற கூலியே பேரிங் விலையை விட அதிகம்.

பிரஷ் தனியா ஈயம் வச்சு ஒட்டுற வகைன்னா சில நூறு ரூபாயில முடியும். ரெகுலேட்டரோட சேர்ந்த ஹோல்டர்னா கொஞ்சம் கூடும். ரோட்டரும் டயோடு பிளேட்டும் நல்லா இருக்கும்போது முழு ஆல்டர்னேட்டர் வாங்க அவசியமே இல்ல.

மாட்டும்போது பேட்டரி மைனஸ் கழட்டியே இருக்கணும். செம்பு ஒயர் சொன்னதுதான், பி பிளஸ்ல ஸ்பேனர் பட்டு பாடியைத் தொட்டா ஸ்பேனரே ஒட்டிக்கும். பி பிளஸ் நட்டை நல்லா இறுக்கி ரப்பர் மூடியைத் திரும்பப் போடச் சொல்லுங்க.

செம்பு ஒயர்:
மாட்டிய பிறகு கடையிலேயே நான்கு அளவு பார்த்துவிடுங்கள். ஹெட்லைட், புளோயர் முழு வேகம், டீஃபாகர் எல்லாம் ஆன் செய்து 2000 ஆர்.பி.எம்.மில் பேட்டரியில் 13.5-க்குக் குறையக்கூடாது. அதே சுமையில் பி பிளஸ் போல்ட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே 0.3-க்குள், ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.2-க்குள் இருக்க வேண்டும். இந்த மைனஸ் பக்க அளவு கூடினால், பாடியை பேட்டரி மைனஸோடு இணைக்கும் எர்த் ஸ்ட்ராப்பைக் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். கடைசியாக மீட்டரை ஏ.சி. (மாறுமின்) வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியில் வையுங்கள். 0.5-ஐத் தாண்டினால் டயோடு ஒன்று போயிருக்கிறது. டி.சி.யில் 14 காட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் ராத்திரியில் பேட்டரி இறங்கும்.

காவிரிக்கரை:
புது ஹோல்டர் போட்டாயிற்று, ரிங் லேத்தில் கட் எடுத்தார்கள், டேப்பட் கவர் பேக்கிங்கும் மாற்றியாயிற்று. முழுச் சுமையில் 13.9, ஏ.சி. அளவில் 0.1. பி பிளஸ் பக்கம் 0.15, எர்த் பக்கம் 0.05. கழற்றி வைத்திருந்த நாட்களில் புது பேட்டரி 11.7-க்கு இறங்கிக் கிடக்கிறது. வண்டியை ஓட்டியே ஏற்றிக்கொள்ளலாமா?

மூணாவது கியர்:
வேண்டாம். காலி பேட்டரி ஆல்டர்னேட்டரிடம் எவ்வளவு கிடைத்தாலும் இழுத்துக்கொண்டே இருக்கும், இப்போதுதான் சரிசெய்த யூனிட் வீணாகச் சூடாகும். கழற்றி வெளி சார்ஜரில் 3.5 ஆம்பியரில் போடுங்கள், அதாவது ஏ.எச்.சில் பத்தில் ஒரு பங்கு. பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். எடுத்து ஓர் இரவு சும்மா வைத்து காலையில் அளந்தால் 12.6-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 12.3-க்கு விழுந்தால் பேட்டரி அடி வாங்கியிருக்கிறது, பில்லோடு கடைக்குப் போய் லோடு டெஸ்ட் கேளுங்கள். இன்றே சார்ஜில் போடுங்கள், காலியாகவே கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் இறுகிவிடும்.