2,000 ரூபாய்க்குள் இருந்தால் கான்ட்ராக்டர் தரும் தீபாவளிப் பெட்டியை வாங்கலாமா?

கேள்வி:
மத்திய அரசு அலுவலகம், பில் பிரிவு, குரூப் சி. பராமரிப்பு கான்ட்ராக்டர் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தனுப்பியிருக்கிறார். அட்டையைத் தூக்கினால் அடியில் சின்ன வெள்ளிக் காசு. அவருடைய பில் இதே பிரிவில் நிலுவையில் இருக்கிறது. எல்லாம் சேர்த்தாலும் 2,000 தாண்டாது, வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சரிதானா?

பதில் 1:
வைத்துக்கொள்ளாதீர்கள். 2,000 என்ற எண் மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ம் வருட நடத்தை விதிகளில், 13(3)-ல் வருகிறது. அதற்கு மேல் போனால் அரசின் அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது என்பதுதான் அங்கே உள்ள வாசகம். குரூப் ஏ, பி-க்கு 5,000. 2019-க்கு முன்னால் இவை 500, 1,500 ஆக இருந்தன. கல்யாணம், துக்கம், மதச் சடங்குகளில் வழக்கப்படி வரும் அன்பளிப்புக்கு 13(2) தனி: ஏ-க்கு 25,000, பி-க்கு 15,000, சி-க்கு 7,500 தாண்டினால் அரசுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அதுவும் நெருங்கிய உறவினர், அலுவல் தொடர்பில்லாத நண்பர் தருவதற்கு மட்டும். கான்ட்ராக்டர் இதில் வரவே மாட்டார்.

பெரிய சிக்கல் வேறு. ஊழல் தடுப்புச் சட்டத்தில் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று கிடையாது. தன்னிடம் வேலை இருக்கிறவரிடம் சும்மா ஒரு பொருளை வாங்கினாலே பிரிவு 11. 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை. பில்லை நகர்த்துவதற்காக என்றால் பிரிவு 7; 3 முதல் 7 வருடம். பரிசு மிக அற்பமானது என்றால் கோர்ட் தவறான நோக்கத்தை ஊகிக்காமல் விடலாம் என்று பழைய பிரிவு 20-ல் ஒரு வழி இருந்தது. 2018 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். ‘சின்னப் பொருள்தானே’ என்ற சமாதானத்தை நம்பவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
பெட்டி வீட்டுக்குத்தான் வந்தது, வீட்டில் வாங்கி வைத்துவிட்டார்கள். இது என் கணக்கில் வருமா?

பதில் 2:
வரும். குடும்பத்தார் வாங்க அனுமதிப்பதையும் 13(1) தடுக்கிறது. ஆனால் இன்றைக்கே திருப்பினால் நிலைமை கைக்குள் இருக்கும். பெட்டியைப் பிரித்த நிலையிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ‘இன்ன தேதியில் என் வீட்டில் கொடுக்கப்பட்ட பெட்டியும் அதில் இருந்த வெள்ளிக் காசும் திருப்பி அனுப்பப்படுகின்றன’ என்று இரண்டு வரிக் கடிதம் வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். நகலோடு மேலதிகாரிக்கு ஒரு நோட் போட்டு இன்வேர்ட் நம்பர் (தபால் வரவுப் பதிவு எண்) வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லித் திருப்பியதை ஆறு மாதம் கழித்து யாராலும் நிரூபிக்க முடியாது. செக்‌ஷனில் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தாலும் வாங்கியதாகத்தான் ஆகும்.

பில்லை அதன் வரிசையிலேயே விடுங்கள். முன்னால் தள்ளினாலும் குற்றச்சாட்டு, கோபத்தில் நிறுத்தி வைத்தாலும் குற்றச்சாட்டு.

பதில் 3:
அதற்காக டீக்குக்கூடப் பயப்பட வேண்டியதில்லை. எப்போதாவது ஒரு சாப்பாடு, வண்டியில் ஒரு லிஃப்ட் எல்லாம் பரிசாகாது என்று 13-வது விதியின் குறிப்பிலேயே இருக்கிறது. அலுவல் தொடர்புள்ள நிறுவனத்திடம் தடபுடல் விருந்தோ அடிக்கடி உபசாரமோ கூடாது என்று அடுத்த குறிப்பு சொல்கிறது. மாநில அரசு ஊழியர்கள் இந்தத் தொகைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டுக்கு 1973-ம் வருட நடத்தை விதிகள் தனியாக இருக்கின்றன.