மறு: கனிமத்தை உரைத்தால் விழும் நிறம் – ‘உரைநிறம்’ எனலாமா?

அன்பர்களுக்கு வணக்கம். நம் கனிமக் கலைச்சொற் பட்டியலில் ‘ஸ்டிரீக்’ (streak) என்பதற்கு ‘உரைநிறம்’ என்று நான் முன்மொழிந்ததற்கு வந்த கேள்விகளுக்கு இது மறுமொழி.

> ‘ஸ்டிரீக்’ என்பதற்குக் ‘கீற்று நிறம்’ போதுமே. புதுச்சொல் எதற்கு?

கோலாலம்பூர் ஆசிரியர் ஐயாவின் கேள்வி இது. கீற்று என்றதும் ஒளிக்கீற்றும் தென்னங்கீற்றும்தான் மனத்தில் எழுகின்றன. கல்லுக்குள் ஓடும் வரி என்றும் மாணவர்கள் பொருள் கொள்ளக்கூடும். நாம் பெயர் தேடுவது, மெருகு பூசாத வெள்ளைப் பீங்கான் தட்டில் கல்லைத் தேய்த்தால் படியும் பொடியின் நிறத்துக்கு.

சிவப்புக் கனிமங்களை எடுத்துக்கொண்டால் இதன் அருமை புரியும். குரோக்கோயிட் படிகம் செக்கச் சிவந்து ஊசி ஊசியாக நிற்கும். யூரல் மலைப் பகுதியிலிருந்து வந்த இந்தக் கல்லில்தான் 1797இல் பிரெஞ்சு வேதியியலார் வோக்லன் குரோமியம் என்னும் உலோகத்தைக் கண்டறிந்தார். தட்டில் தேய்த்தால் விழுவதோ செம்மஞ்சள். வேனடினைட்டும் சிவப்புதான், தேய்த்தால் வெளிர்மஞ்சள். வுல்ஃபனைட்டின் ஆரஞ்சு நிறப் படிகம் வெள்ளைக் கோட்டையே விடுகிறது. சாதிலிங்கம் (சின்னபார்) மட்டும் உள்ளும் புறமும் சிவப்பு. ஹேமடைட் இவற்றுக்கு நேர்மாறு: எஃகுபோல் கறுத்து மின்னும் கட்டி, தட்டில் செம்பழுப்பாகப் படியும். காவிக்கல்லின் சிவப்பும் இதே ஹேமடைட் தருவதுதான். பெரிய படிகத்துக்குள் ஒளி நெடுந்தொலைவு சென்று பெரும்பகுதி உறிஞ்சப்படுகிறது. பொடியிலோ எண்ணற்ற சிறு பரப்புகளில் சிதறி விரைவில் வெளியேறிவிடுகிறது. அதனால்தான் பல கனிமங்களின் நிறம் பொடியில் வெளிறுகிறது. ஓவியனுக்கும் நிறமி அரைப்பவனுக்கும் வேண்டியது பொடியின் நிறம் என்பதால், கனிம நிறமிகளைப் பற்றித் தமிழில் எழுத நினைக்கும் எவருக்கும் இந்தச் சொல் முதலில் தேவைப்படும்.

> ‘துகள் நிறம்’ எளிமையாக இருக்கிறதே?

ஈப்போ அன்பர் சொல்வதுபோல் எளிமைதான். ஆனால் மனோசிலை (ரியல்கர்) என்னும் சிவப்புக் கனிமத்தை நினைத்துப் பாருங்கள். புதுக்கல்லை உரைத்தால் செவ்வாரஞ்சு. அதே கல் வெளிச்சத்தில் நெடுங்காலம் கிடந்தால் மஞ்சள் பொடியாக உதிர்கிறது. அந்த மஞ்சள், பாராரியல்கர் என்னும் வேறொரு கனிமம். ஒளியால் மூலக்கூறின் அமைப்பே மாறிவிட்டது. ‘மனோசிலையின் துகள் நிறம்’ என்று எழுதினால் எந்தப் பொடியைச் சொல்கிறோம்? உரைத்தல் என்ற செயல் பெயரிலேயே இருந்தால் இந்தக் குழப்பம் வராது. ‘உராய்வு நிறம்’ என்பதையும் பரிந்துரைத்திருந்தார்கள். உராய்வை இயற்பியல் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

உரைநிறத்தை நான் விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் உரைகல். இங்கே பினாங்கு லிட்டில் இந்தியாவில் பழைய நகையை விற்கப் போனவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். பொன்னைக் கல்லில் உரைத்து, விழுந்த கோட்டின் நிறத்தைக் கொண்டு மாற்று, அதாவது பொன்னின் தரம், சொல்வது பொற்கொல்லர் வழக்கம். கனிமவியலார் செய்வதும் அதே செயல். அவர் கல் கருப்பு, இவர் தட்டு வெள்ளை. உரைதட்டு, உரைசோதனை என்று கிளைச்சொற்களும் தாமாகவே அமைகின்றன.

> உரை என்றால் பேச்சு, விளக்கம் என்று தோன்றாதா?

கிள்ளான் அம்மையார் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் உரைகல்லை எவரும் பேசும் கல் என்று படிப்பதில்லை. பின்னால் வரும் சொல்லே பொருளை நிறுத்திவிடும்.

பட்டியலில் ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். சாதிலிங்கத்தில் பாதரசம், மனோசிலையில் ஆர்செனிக், குரோக்கோயிட்டில் காரீயம். (நம் நாட்டில் ஈயம் என்றாலே வெள்ளீயச் சுரங்கங்கள்தான் நினைவுக்கு வரும், ஆகவே காரீயம் என்றே எழுதுவோம்.) பள்ளியில் செய்து காட்ட ஹேமடைட் போதும்; மற்றவற்றை மாணவர்கள் கையில் கொடுத்துத் தேய்க்கச் சொல்லக் கூடாது.

முடிவாகாமல் நிற்பது ஒன்று. வுல்ஃபனைட் விடும் கோடு வெள்ளை. குவார்ட்ஸோ தட்டைவிடக் கடினமானது; தட்டைக் கீறுமே தவிரத் தான் பொடியாகாது. இரண்டையும் ‘நிறமில்லை’ என்று ஒரே கட்டத்தில் போடுவது தவறு. முன்னதற்கு ‘உரைநிறம்: வெள்ளை’ என்றும், பின்னதற்கு ‘உரைபடாது’ என்றும் எழுதலாம் என்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் அன்பர்கள் எழுதுங்கள்.