கழற்றி மாட்டுற லேப்டாப்: டெல்டாவுக்கு ஒத்துவருமா, வெறும் மோகமா?

மன்னை லினக்ஸ் | மன்னார்குடி

வணக்கம். ஆரம்பிக்கிறவன் நான்தான், அதனால அறிமுகமும் என்கிட்டேர்ந்தே. வீட்லேர்ந்தே சென்னை கம்பெனி ஒண்ணுக்கு சர்வர் பாக்குற வேலை. லெனோவோ கம்பெனியோட பழைய திங்க்பேடு லேப்டாப்னா பைத்தியம். பரண்ல ஒரு காலத்துல பித்தளைப் பாத்திரம் இருந்த இடத்துல இப்ப என் லேப்டாப் உடம்புங்கதான் கிடக்கு. வீட்டம்மாவுக்கு அதுல வருத்தம்.

விஷயத்துக்கு வர்றேன். ஃப்ரேம்வொர்க்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி, நீரவ் படேல்ங்கிறவர் ஆரம்பிச்சது. முதல் லேப்டாப் 2021-ல வந்துச்சு. அடியில அஞ்சு ஸ்க்ரூவைத் தளர்த்தினா கீபோர்டு மூடி கையோட வந்துடும், காந்தத்துல ஒட்டியிருக்கு. ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, ஸ்க்ரீன், ஹிஞ்ச் எல்லாம் தனித்தனியா மாத்தலாம். ஒவ்வொரு பாகத்து மேலயும் க்யூஆர் கோடு. ஸ்கேன் பண்ணா எப்படிக் கழற்றணும்னு பக்கம் திறக்கும். ஸ்க்ரூ டிரைவரையும் பெட்டியிலேயே வச்சுக் கொடுக்குறான். எனக்குப் பெரிய விஷயம் இதுதான்: 2021-ல வாங்கினவன் அதே உடம்புல 2025-ல வந்த ஏஎம்டி ரைசன் ஏஐ 300 சிப் போட்ட மதர்போர்டை மாட்டிக்கலாம்.

மச்சான் லண்டன்லேர்ந்து வர்றார். ஒண்ணு கொண்டுவரச் சொல்லலாம்னு இருக்கேன்.

என் கட்சி இது: லோ வோல்டேஜ், உப்புக் காத்து, நெல்லுத் தூசி எல்லாம் இருக்குற ஊர்ல, ஒட்டி மூடின லேப்டாப்பைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது. மறுக்கிறவங்க தாராளமா வாங்க. யாரு, என்ன வச்சிருக்கீங்கன்னு ரெண்டு வரி சொல்லிட்டு சண்டையை ஆரம்பிங்க.

கும்மோணம் சர்வீஸ் | கும்பகோணம்

லேப்டாப் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். அறிமுகம் அவ்வளவுதான்.

சார், ஃப்ரேம்வொர்க்கை நான் படத்துலதான் பார்த்திருக்கேன். என் மேசைக்கு ஒண்ணுகூட வந்ததில்ல. அது நல்ல மெஷினா இருக்கலாம், எனக்குச் சண்டை இல்ல. ஆனா நம்மூர்ல லேப்டாப் எதனால சாகுதுன்னு கேளுங்க. ஹிஞ்ச். விலை கம்மி மாடல்ல ஹிஞ்ச் ஸ்க்ரூ ஏறுற பித்தளைக் குமிழை பிளாஸ்டிக்லதான் பதிச்சிருப்பான். ஹிஞ்ச் இறுக இறுக பிளாஸ்டிக் பிஞ்சு மூடி வாயைப் பொளக்கும். அப்புறம் சார்ஜிங் ஜாக், கீபோர்டு, பேட்டரி, டிஸ்ப்ளே கேபிள். இதெல்லாம் எந்த லேப்டாப்பா இருந்தாலும் கழற்றிடலாம். கழற்றத் தெரியாம யாரும் என்கிட்ட வர்றதில்ல, சாமான் கிடைக்காமதான் வர்றாங்க.

நல்லா ஓடின மாடலுக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சொன்னா ராத்திரி பார்சல்ல ஏத்தி விடுவான், காலைல பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்கலாம். உங்க ஃப்ரேம்வொர்க்குக்குக் கீபோர்டு போனா யாருக்குப் போன் பண்ணுவீங்க? டிராக்டர் வாங்குற மிராசுதாரே மைலேஜைப் பத்திக் கேக்குறதுக்கு முன்னாடி சாமான் தஞ்சாவூர்ல கிடைக்குமான்னுதான் கேப்பார்.

நீடாமங்கலம் கேமர் | நீடாமங்கலம்

பி.டெக் மூணாவது வருஷம். ரெண்டு பேருக்குமே நான் எதிர்க்கட்சி.

மன்னை அண்ணா, உடம்பு அதேதான், சரி. ஆனா முதல் மாடல்ல இருந்தது டிடிஆர்4 ரேம். ரைசன் போர்டுக்கு டிடிஆர்5 வேணும். அப்ப போர்டோட சேர்த்து ரேமும் புதுசு. மிச்சம் என்ன? ஸ்க்ரீன், பேட்டரி, கீபோர்டு, அலுமினியப் பெட்டி. அந்தப் பணத்துக்கு இங்க ஒரு முழு லேப்டாப் வாரண்டியோட வந்துடும்.

இன்னொண்ணு, போர்டோட பத்த வச்சு கழற்ற முடியாம வர்ற சோல்டர் ரேமை வில்லனாக்கிப் பேசுறதை நிறுத்துங்க. 2025-ல ஃப்ரேம்வொர்க்கே டெஸ்க்டாப் ஒண்ணு விட்டாங்களே, ரைசன் ஏஐ மேக்ஸ் சிப் போட்டு? அதுல ரேம் போர்டோட சோல்டர். 256 பிட் அகலத்துல அவ்வளவு வேகமா டேட்டா ஓடணும்னா ரேமைச் சொருகிக் கழற்றுற ஸ்லாட் வச்சு முடியலன்னு அவங்களே சொன்னாங்க. ஸ்லாட்டுக்காகவே பேர் வாங்கின கம்பெனிக்கே அந்த நிலைமைன்னா மத்தவங்களைத் திட்டி என்ன புண்ணியம்?

நெல்லுத் தூசின்னு சொன்னீங்களே. 2020-ல வந்த எம்1 மேக்புக் ஏர்ல ஃபேனே கிடையாது. தூசியை உள்ள இழுக்க ஆளே இல்ல. டெல்டாவுக்கு ஏத்த லேப்டாப் அதுதான்னு நான் சொல்றேன்.

உப்பளம் | வேதாரண்யம்

இ-சேவை மையம் வச்சிருக்கேன். என் மகன் சொல்லித்தான் இங்க படிக்க வந்தேன், பாத்தா எனக்குத் தேவையான பேச்சுதான் ஓடுது. மையத்துல இருக்குற மெஷினெல்லாம் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிஞ்சிடுச்சு. மாத்தியாகணும்.

எங்க ஊர் காத்தைப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். யூஎஸ்பி ஓட்டைல பச்சை பூக்கும். ஸ்க்ரூவைக் கழற்றப் போனா தலை மட்டும் வரும். எங்க மெஷின்ல திடீர்னு டிஸ்ப்ளே வராம போகும். ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால தங்கப் பல்லைத் துடைச்சு மாட்டினா ஓடும். இதை நானே கத்துக்கிட்டேன். நீடாமங்கலம் தம்பி சொல்ற மெஷின்ல இதைச் செய்ய முடியுமா?

நீடாமங்கலம் கேமர்

அக்கா, அதைச் செய்யவே வேண்டியிருக்காது! ஸ்லாட் இருக்கறதாலதான் பல்லுக்கும் பின்னுக்கும் நடுவுல காத்து போய் கரி பிடிக்குது. சோல்டர்ல நடுவுல இடமே கிடையாது. உங்க ஊருக்கு சோல்டர்தான் நல்லது.

கும்மோணம் சர்வீஸ்

தம்பி சொன்னதுல பாதி உண்மை. ஸ்லாட்ல வர்ற அந்தக் கோளாறு சோல்டர் ரேம்ல வராதுதான். ஆனா அந்த ரேம் சிப்பே கெட்டா? ஹாட் ஏர்ல சிப்பைத் தூக்கி, அடியில குட்டி குட்டி ஈய உருண்டை வச்சு, திரும்ப உக்கார வைக்கணும். அந்த வேலை தெரிஞ்ச கை நம்ம பக்கம் விரல் விட்டு எண்ணலாம். மேக்புக் ஏர்ல எஸ்எஸ்டியும் போர்டோட சேர்ந்தது. போர்டுல தண்ணி பட்டு செத்தா, உள்ள இருக்குற கல்யாண ஆல்பம், பத்திர ஸ்கேன் எல்லாம் அதோட போச்சு. மத்த லேப்டாப்னா எம்.2 எஸ்எஸ்டியைக் கழற்றி வேற பெட்டில போட்டு எடுத்துக் கொடுத்துடுவேன். என் கடைல ஜனங்க அழுறது மெஷினுக்காக இல்ல, உள்ள இருக்குறதுக்காகத்தான்.

யூஎஸ்பி-சி சார்ஜிங் பத்தியும் யாரும் பேச மாட்டேங்குறீங்க. பழைய உருண்டை பின் ஜாக் ஒரு சின்ன கேபிள்ல தொங்கும், மாத்துறது அரை மணி நேர வேலை. இப்ப வர்ற நிறைய மாடல்ல சி போர்ட் நேரா மதர்போர்டுல சோல்டர். ஒயர்ல கால் இடறி போர்ட் ஆடிடுச்சுன்னா அது மைக்ரோ சோல்டரிங் வேலை. ‘ரிப்பேர் ஈஸி’ன்னு விளம்பரம் பண்ற மாடல்லயும் முதல்ல இதைப் பாருங்க.

மன்னை லினக்ஸ்

அதுக்குத்தான் சார் ஃப்ரேம்வொர்க்ல போர்ட்டையே பக்கவாட்டுல சொருகிக் கழற்றுற சின்ன கார்டா வச்சிருக்கான். வெளிய இடிபடுறது கார்டுல இருக்குற ஓட்டை. அது ஆடிப்போனா பிடுங்கிப் போட்டுட்டு வேற சொருகலாம். சாமானைப் பத்தி நீங்க சொல்றதை நான் தள்ளல. ஆனா நீங்க சொல்ற ‘நல்லா ஓடின மாடல்’ இப்ப எந்தத் திசைல போகுதுன்னும் பாருங்க. மெல்லிசு, மெல்லிசுன்னு ஒவ்வொண்ணா ஒட்டிக்கிட்டே வர்றான். 2012-ல ஆப்பிள் ரெட்டினா மேக்புக்ல ரேமை சோல்டர் பண்ணி பேட்டரியை ஒட்டினப்ப எல்லாரும் கத்தினோம். இன்னிக்கு அது சாதாரணம்.

கேமர் தம்பிக்கு: வேகத்துக்கு சோல்டர்தான் வழிங்கிறதும் பழைய கதை ஆகிட்டு இருக்கு. எல்பிகேம்2-ன்னு ஒரு வகை ரேம், குறைஞ்ச வோல்டேஜ் எல்பிடிடிஆர் சிப்பையே ஸ்க்ரூ போட்டு இறுக்குற பலகைல கொடுக்குது. லெனோவோ 2024-ல திங்க்பேடு பி1 ஜென் 7-ல போட்டுட்டான். அதே வருஷம் திங்க்பேடு டி14 ஜென் 5-ல, ஒரு ஸ்லாட் ஒரு சோல்டர்னு இருந்ததை விட்டுட்டு ரெண்டு ஸ்லாட்டுக்குத் திரும்பினான். ரிப்பேர் எவ்வளவு சுலபம்னு மார்க் போடுற ஐஃபிக்ஸிட் தளம் அதுக்கு 10-க்கு 9 கொடுத்துச்சு. கேக்குற ஆள் இருந்தா கம்பெனிக்காரன் திரும்பி வருவான்.

நீடாமங்கலம் கேமர்

பலகை வந்துச்சு, சரி. ரேம் விலையைப் பாத்தீங்களா? ‘இப்ப 8 ஜிபி வாங்கு, அப்புறம் மலிவா ஏத்திக்கலாம்’னு ஊரெல்லாம் சொல்லிக் கொடுத்தீங்க. ஏஐ சர்வர்காரங்க சிப்பையெல்லாம் அள்ளிட்டுப் போக, 2025 கடைசில விலை எகிறிப் போச்சு. ரேம் சிப் செய்யுற மைக்ரான் டிசம்பர்ல க்ரூசியல் பேர்ல சில்லறை விற்பனையே வேண்டாம்னு அறிவிச்சுட்டான். இப்ப ஸ்லாட்டைத் திறந்து வச்சுக்கிட்டு என்ன போடுவீங்க?

மன்னை லினக்ஸ்

பழைய மெஷின்லேர்ந்து பிடுங்கிப் போடுவேன். சோல்டர்ல அதுவும் முடியாதே!

அரசலாத்தங்கரை | சொந்த ஊர் காரைக்கால், இருக்கிறது பிரான்ஸ்

ரொம்ப நாளா வாசிக்கிறவன், இன்னிக்குத்தான் எழுதுறேன். எங்க தெருவுல பாதிப் பேருக்கு பிரான்ஸ்ல சொந்தம், நானும் அந்தக் கணக்குல வந்து சேர்ந்தவன். என் மெஷின் ஃப்ரேம்வொர்க் 13. இந்த இழையில அதை வச்சிருக்கிறவன் நான் ஒருத்தன்தான் போல.

இங்க 2021 ஜனவரி 1-லேர்ந்து லேப்டாப் விக்கிற இடத்துல விலைக்குப் பக்கத்துல ரிப்பேர் மதிப்பெண்ணும் போட்டாகணும், பத்துக்கு இவ்வளவுன்னு. கழற்றுறது எவ்வளவு சுலபம்ங்கிறது அதுல ஒரு பகுதிதான். ரிப்பேர் கையேடு கிடைக்குதா, சாமான் கிடைக்குதா, சாமான் விலை மெஷின் விலையோட ஒப்பிட்டா எப்படி, இதெல்லாம் சேர்த்துத்தான் மார்க். அதாவது கும்பகோணத்து அண்ணன் கேக்குற கேள்வியை இங்க சட்டமே கேக்குது. ஆனா மார்க் போடுறது கம்பெனிக்காரனேங்கிறதால நான் அதைக் கொஞ்சம் கழிச்சுத்தான் படிப்பேன்.

இந்தியாவுல 2022 ஜூலைல மத்திய நுகர்வோர் துறை ரிப்பேர் உரிமைக்குக் குழு போட்டுச்சு, அதே டிசம்பர்ல இணையதளமும் திறந்தாங்க. கடைல மார்க் ஒட்டுற அளவுக்கு வரல.

மன்னைக்கு ஒரு வார்த்தை. நான் இங்க பாகம் ஆர்டர் போட்டா வீட்டுக்கு வருது, அதனால எனக்கு இந்த மெஷின் சுகம். கடைசியா நான் பாத்தப்ப அவங்க அனுப்புற நாடுகள்ல இந்தியா இல்ல. பயணி கையில ஒரு லேப்டாப் கொண்டு வர்றதுக்கு சுங்க வரி இல்ல, மச்சான் கொண்டு வந்துடுவார். வாரண்டி கேக்குறப்ப என்ன பண்ணுவீங்க? விடுமுறைல காரைக்கால் வர்றப்ப என் மெஷினைக் கொண்டு வர்றேன், கும்பகோணத்து அண்ணன் ஒரு தடவை திறந்து பாக்கட்டும். சும்மா திட்டாதீங்க.

கும்மோணம் சர்வீஸ்

வாங்க, காபி வாங்கித் தர்றேன். திறந்து பாக்க எனக்கும் ஆசைதான்.

அப்கிரேடுன்னு பெருசா பேசுறாங்களேன்னு ஒரு விஷயம். 2011-லேர்ந்து பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பை நினைச்சுப் பாருங்க. டெல்டாவுல எத்தனையோ வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டரே அதுதான். அந்தப் பிள்ளைங்க காலேஜ் முடிச்சு வேலைக்குப் போனப்புறமும் அது என் கடைக்கு வந்துச்சு. ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிட்டு எஸ்எஸ்டி, ஒரு ரேம், பேட்டரி, அவ்வளவுதான், தங்கச்சிக்கு ஓடிச்சு. அதை யாரும் பாகம் பாகமா மாத்துற ‘மாடுலர்’னு விளம்பரம் பண்ணி விக்கல. ஸ்லாட் இருந்துச்சு, சாமான் கடைல இருந்துச்சு. 2025 பட்ஜெட்ல காலேஜ் பிள்ளைங்க 20 லட்சம் பேருக்கு லேப்டாப் இல்லேன்னா டேப்னு சொன்னாங்க. அந்த டெண்டர்ல ‘ரேம் ஸ்லாட் கட்டாயம்’னு ஒரு வரி இருந்தா நம்ம பக்கத்துக்கு அது ஆயிரம் ஃப்ரேம்வொர்க்குக்கு மேல.

மன்னை லினக்ஸ்

இந்த ஒண்ணுக்கு நான் உங்க கட்சி.

உப்பளம்

எல்லாம் சரி, எனக்கு மூணு மெஷின் வேணும். சொல்லுங்க. லினக்ஸ் வேண்டாம் மன்னை சார், கோவிச்சுக்காதீங்க. கைரேகை மெஷினுக்கு எங்ககிட்ட இருக்குற ஆர்.டி. சர்வீஸ்ங்கிற சாஃப்ட்வேர் விண்டோஸுக்குத்தான். கஜா அடிச்சப்ப வாரக்கணக்கா கரண்ட் இல்லாம உக்காந்த ஊரு இது, அதனால பேட்டரி நிக்கணும். ஒரு மெஷினுக்கு இருபதாயிரத்தைத் தாண்ட மனசு இல்ல.

மன்னை லினக்ஸ்

திங்க்பேடு டி480. 2018 மாடல். ரெண்டு ரேம் ஸ்லாட். பேட்டரியும் ரெண்டு: உள்ள 24 வாட்-ஹவர், வெளிய 72 வரைக்கும் போடலாம். உள் பேட்டரில ஓடிக்கிட்டு இருக்கும்போதே, ஆஃப் பண்ணாம வெளிப் பேட்டரியை மாத்திக்கலாம். ரெண்டு வெளிப் பேட்டரி சார்ஜ் போட்டு வச்சுக்கிட்டா புயலுக்கும் தாங்கும். ரிப்பேர் கையேடு முழுசா லெனோவோ தளத்துல இலவசமாவே இருக்கு, ஒவ்வொரு பாகத்துக்கும் நம்பரோட.

கும்மோணம் சர்வீஸ்

நல்ல தேர்வுதான், ஆனா கண்ணை மூடிக்கிட்டு வாங்காதீங்கம்மா. டி480-ன்னு பேர் இருந்தாலும் 7-ஆம் தலைமுறை இன்டெல் சிப் போட்டதும் உண்டு. விண்டோஸ் 11 கேக்குறது 8-ஆம் தலைமுறை. ஸ்டிக்கரை நம்பாம திரையில பாருங்க. தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் அப்டேட் போட்டிருக்கான்னு கேளுங்க. பழைய ஃபர்ம்வேர்ல சி போர்ட்டே வேலை செய்யாம போகும்னு லெனோவோவே அறிவிச்சு அப்டேட் விட்டான். ஐடி கம்பெனிலேர்ந்து கழிஞ்சு வர்ற சரக்கு இது, பயோஸ், அதாவது விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங், பாஸ்வேர்டு பூட்டோட வந்துட்டா தலைவலி. கடைலேயே பயோஸுக்குள்ள போயி பாத்துட்டு காசு கொடுங்க. பேட்டரி மட்டும் புதுசா போட்டுத்தான் வாங்கணும், ‘நல்லாத்தான் இருக்கு’ன்னு சொன்னா நம்பாதீங்க.

அதே பட்ஜெட்ல டெல் லாட்டிடியூடு 5490-யும் பாருங்க. சாமான் எனக்கு அதுல இன்னும் சுலபமா கிடைக்குது.

நீடாமங்கலம் கேமர்

எட்டு வருஷப் பழசை வாங்கி, பேட்டரி மாத்தி, ரேம் மாத்தி, ஃபர்ம்வேர் ஏத்தி... அக்கா, நீங்க சர்டிஃபிகேட் போடப் போறீங்களா, சர்வீஸ் சென்டர் நடத்தப் போறீங்களா?

உப்பளம்

எங்க ஊர்ல ரெண்டும்தான் தம்பி. ரெண்டு டி480, ஒரு லாட்டிடியூடு வாங்கிப் பாக்குறேன். எது முதல்ல பச்சை பூக்குதுன்னு இங்கேயே எழுதுறேன்.

மன்னை லினக்ஸ்

நான் மச்சானுக்குச் சொல்லிட்டேன், ஃப்ரேம்வொர்க்தான். கும்மோணத்துக்காரர் கேள்விக்குப் பதிலா ஒரு கீபோர்டும், கெட்டியான ஹிஞ்ச் செட்டும், ஒரு பேட்டரியும் சேர்த்து வாங்கி வரச் சொல்லியிருக்கேன். ராத்திரி பார்சலுக்கு அலைய வேண்டாம் பாருங்க.

கும்மோணம் சர்வீஸ்

செலவு உங்களது. அந்த உதிரி பேட்டரியை மட்டும் செக்-இன் பெட்டில வைக்கச் சொல்லாதீங்க, ஏர்லைன்ஸ்காரன் விடமாட்டான். கைப்பைலதான் வரணும், முனையை டேப் போட்டு மூடி. 100 வாட்-ஹவருக்குள்ள இருந்தா பிரச்சினை இல்ல, உங்களது 61-தானே.